தூளியிலிருந்து இறக்கியதும் விழித்துக்கொள்ளும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குகிறான். தூங்கிவிட்டானே என்று பாயில் கிடத்தினால் உடனே கண் திறந்து அழுகிறான். மூன்று மாதம் வரை ராத்திரியில் இரண்டு முறைதான் எழுவான். இப்போது ஐந்தாறு தடவை. பால் பத்தவில்லை என்கிறார் மாமியார். வசம்பு உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார். அடுத்த மாதம் விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போக வேண்டும். ராத்திரி முழுக்கத் தூளியிலேயே விட்டுவிடலாமா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி முழுக்கத் தூளி வேண்டாம்.

தூளியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நானும் அம்மாவின் பழைய நூல்சேலையில் ஆடி வளர்ந்தவன்தான். ஆனால் சேலை பிள்ளையின் எடைக்கு வளைந்து கொடுக்கும். முதுகு வளைந்தால் தாடை நெஞ்சில் போய் முட்டும். இந்த வயசில் மூச்சுக்குழாய் மெல்லியது. கழுத்து மடங்கினால் அது சுலபமாகச் சுருங்கும். உங்கள் மகன் இப்போது குப்புற விழப் பழகும் வயசு. தூளிக்குள் புரண்டு முகம் துணியில் புதைந்தால் திரும்பி நிமிர அங்கே தரை கிடையாது. படுக்கும் பகுதி 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாதென்று அமெரிக்காவில் 2022இல் சட்டமே போட்டார்கள். அவற்றில் தூங்கிய குழந்தைகள் இறந்ததால் வந்த சட்டம் அது. நம் தூளியின் வளைவு அதைவிடக் கூடுதல்.

பகலில் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, பிள்ளையின் முகம் தெரியும்படி, இரண்டு ஓரத்தையும் விரித்துப் பிடிக்கும் கம்பு போட்டுத் தூளியில் தூங்க வைக்கலாம். பிள்ளை தானாகப் புரளவும் எழவும் முயலத் தொடங்கியதும் அதையும் நிறுத்திவிடுங்கள். கொக்கியையும் முடிச்சையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

இனி, ஏன் விழிக்கிறான் என்பது. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதி அரைத்தூக்கம். கண் இமைக்குள் உருளும், உதடு துடிக்கும், சிரிக்கும், சிணுங்கும். "நரி விரட்டுது" என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு தூக்கத்தின் அமைப்பே மாறுகிறது. ஆழ்ந்த தூக்கம், மேலோட்டமான தூக்கம் என்று பெரியவர்களைப் போலச் சுற்றுச் சுற்றாகப் பிரிகிறது. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாக் குழந்தையும் லேசாக விழிக்கும், நீங்களும் நானும் புரண்டு படுப்பதைப் போல. கண் மூடும்போது இருந்த ஆட்டமும் சேலையின் அணைப்பும் அப்போது இல்லையென்றால், 'எங்கே இருக்கிறேன்' என்று கூப்பிடுகிறான். மூன்று மாதம் வரை நன்றாகத் தூங்கியவன் இப்போது அடிக்கடி எழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வளர்ச்சியின் ஒரு படி. உங்கள் பாலில் குறையில்லை.

பால் போதுகிறதா என்பதை ராத்திரி விழிப்பை வைத்துக் கணக்கிட முடியாது. ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறானா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். ஐந்து மாத வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்காகியிருக்கும். அது சரியாக இருந்தால் கஞ்சி, கூழ், பசும்பால் எதுவும் இப்போது வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். வயிறு முட்டக் கூழ் கொடுத்தால் விடிய விடியத் தூங்குவான் என்பது வெறும் நம்பிக்கை. ஐந்து மாதத்தில் ராத்திரி ஓரிரு முறை பாலுக்கு எழுவதும் இயல்பு. ஐந்தாறை இரண்டாகக் குறைப்பதுதான் நம் வேலை.

கிடத்தினால் விழிக்கிறானே, அதற்கு வருகிறேன். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குரோதா குமி குழுவினர் 21 கைக்குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்தபோது அழுகை அடங்கியது. ஏறக்குறைய பாதிப் பேர் தூங்கியும் போனார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கண்டுபிடிப்பு. முதுகு படுக்கையைத் தொடும்போது குழந்தை விழிக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அம்மாவின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்திலேயே துடிப்பு மாறிவிடுகிறது. தூங்கியபின் இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்துவிட்டுக் கிடத்தினால் விழிப்பது குறைகிறது என்றார்கள். நாமோ கண் மூடிய மறு நிமிடமே அவசரமாக இறக்குகிறோம், பாத்திரம் தேய்க்கக் கிடக்கிறதே என்று!

இதையே தூளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கியதும் ஆட்டத்தைச் சட்டென்று நிறுத்தாமல் மெதுவாகக் குறையுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழ வேண்டும். அதுதான் ஆழ்ந்த தூக்கம். நெஞ்சோடு அணைத்தபடியே குனிந்து, முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை என்று இறக்குங்கள். உங்கள் கை அவன் நெஞ்சில் இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

இது இன்றைய ராத்திரிக்கான வழி. வேலைக்குப் போகுமுன் இன்னொன்றும் தொடங்குங்கள். ராத்திரியின் முதல் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் குழந்தைக்கு அசதி அதிகம். எட்டு மணி வாக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, விளக்கைக் குறைத்து, பால் கொடுத்து, ஒரு தாலாட்டு. தினமும் இதே வரிசை, இதே பாட்டு. ராகம் பிசகினாலும் பரவாயில்லை. அவனுக்கு உங்கள் குரல்தான் கணக்கு. முதல் சில நாள் தூளியில் ஆட்டி, கண் சொருகும்போது நிறுத்திக் கீழே கிடத்தித் தட்டிக்கொடுங்கள். அழுதால் தூக்குங்கள், அடங்கியதும் மறுபடி கிடத்துங்கள். பிறகு ஆட்டத்தை நாளுக்கு நாள் குறையுங்கள். பத்து நாளில் மாற்றம் தெரியாவிட்டால் இரண்டு வாரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆட்டித் தூங்க வைத்த பழக்கம், பழமொழி மிரட்டுவதுபோல் சுடுகாடு வரைக்கும் வராது. பள்ளிக்கூடம் வரைகூட வராது.

நடுராத்திரியில் முதல் சிணுங்கலுக்கே ஓடாதீர்கள். ஒரு நிமிடம் கவனியுங்கள். பாதி தடவை அது நரிதான்.

வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். உங்கள் மாமியார் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக 1968லேயே உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா தடைசெய்துவிட்டது. உரைகல்லில் எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் அளக்க முடியாது. உரைமருந்தில் சேரும் ஜாதிக்காயும் அப்படித்தான். கூடினால் அதன் மயக்கத்தைத் தூக்கம் என்று நினைத்துவிடுவோம். நாக்கில் தேன் தடவுவதும் ஒரு வயது வரை கூடாது. தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வசம்பு வளையல் கையில் இருந்தால் கழற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயசு.

கீழே படுக்கும்போது எப்போதும் மல்லாந்துதான். விரிப்பு கெட்டியாக இருக்கட்டும். தலையணை, பஞ்சு பொம்மை, கனத்த போர்வை எதுவும் கூடாது. கொசுவுக்கு வலை கட்டுங்கள், சுருள் புகை வேண்டாம்.

காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சையாக வாந்தி, தூக்கத்தில் குறட்டை அல்லது மூச்சு நின்று நின்று வருவது, என்ன செய்தும் அடங்காத வீறிடல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அழுகையில் உங்களுக்கே பொறுமை போனால், பாயில் மல்லாத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். பிள்ளையை ஒருபோதும் உலுக்கக் கூடாது.

வேலைக்குப் போனபின் பகல் தூக்கம் பாட்டியின் பொறுப்பு. அவர் தூளியில் ஆட்டினால் உங்கள் ராத்திரிப் பயிற்சி வீணாகிவிடும் என்று பயப்படாதீர்கள். அம்மாவிடம் ஒரு வழி, பாட்டியிடம் ஒரு வழி என்று பிள்ளைகள் பிரித்துப் பழகிக்கொள்வார்கள். தூளியில் இருக்கும்வரை பக்கத்தை விட்டு எழ வேண்டாம், பிள்ளை தானாகப் புரளத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.