வாலிபால் ஃபிட்னஸ்: கேட்டவங்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, தினமும் காலையில 5 கிலோமீட்டர் ஓடுறேன். ஆனாலும் மூணாவது செட்ல கால் எழும்ப மாட்டேங்குது.

பதில்: ஓடுறது தப்பில்ல தம்பி, ஆனா நம்ம ஆட்டம் அது இல்ல. பெரும்பாலான ராலி (சர்வீஸ்லேர்ந்து பாயிண்ட் முடியுற வரைக்கும் நடக்கிற ஆட்டம்) பத்து விநாடிக்குள்ள முடிஞ்சிரும், அப்புறம் கொஞ்சம் மூச்சு விட நேரம். பயிற்சியும் அப்படியே இருக்கட்டும். அட்டாக் கோட்டுலேர்ந்து (நெட்டுக்கு 3 மீட்டர் தள்ளி இருக்கிற கோடு) நெட்டுக்கு ஓடிக் குதி, பின்னால வா, திரும்பக் குதி. 8 விநாடி முழு வேகம், 20 விநாடி நடை. வாரம் ரெண்டு நாள் போதும்.

கேள்வி: முட்டிச் சில்லுக்குக் கீழ வலி. உடம்பு சூடானா போயிடுது, மறுநாள் படி இறங்க முடியல.

பதில்: 'ஜம்பர்ஸ் நீ' (jumper's knee), அதாவது அடிக்கடி குதிக்கிறவங்களுக்கு வர்ற முட்டி வலி மாதிரி தெரியுது. சூடானதும் வலி மறையுதே, அதுதான் ஆளை ஏமாத்துறது. சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கிற தசைநாண்ல பாரம் கூடிப்போச்சு. சும்மா படுத்துக் கிடந்தா வலி போகும். குதிச்ச அன்னிக்கே திரும்பி வரும். தசைநாண் சுமை தாங்கிப் பழகணும். அதனால குதிக்கிறதைக் குறைச்சுட்டு, சுவர்ல முதுகைச் சாய்ச்சு நாற்காலி மாதிரி உட்கார்ந்து 45 விநாடி நில்லுங்க. நடுவுல ரெண்டு நிமிஷம் ஓய்வு விட்டு அஞ்சு தடவை. சில வாரம் கழிச்சு, மெதுவா இறங்குற ஸ்குவாட் (முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுறது). மறுநாள் காலையில வலி கூடியிருந்தா முந்தின நாள் செஞ்சது அதிகம்னு அர்த்தம். வீக்கம் இருந்தாலோ முட்டி மடக்க வராம பூட்டிக்கிட்டாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: எனக்கு வயசு 16. ஜம்ப் கூட, எவ்வளவு உயரப் பெட்டியிலேர்ந்து குதிக்கணும் சார்?

பதில்: முதல்ல இறங்கக் கத்துக்கோம்மா. 30 செ.மீ. பெட்டி போதும். இறங்குறப்போ முன்னாலேர்ந்து மொபைல்ல வீடியோ எடுக்கச் சொல்லு. முட்டி ரெண்டும் உள்பக்கம் சாயுதா? சாஞ்சா, உயரத்தைக் கூட்டவே கூடாது. சத்தமில்லாம, ரெண்டு கால்லயும் இறங்கணும். கூடவே ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலேர்ந்து எடையைத் தூக்கி நிமிர்றது) ஒரு கோச் முன்னாடி பழகு. எடை தூக்கினா வளர்த்தி நின்னுடும்ங்கிறது வெறும் பேச்சு.

கேள்வி: ஸ்பைக் (எகிறிக் குதிச்சு பந்தை ஓங்கி அடிக்கிறது) அடிச்சா தோள் வலிக்குது. தினமும் புஷ்-அப் எடுக்கிறேனே?

பதில்: புஷ்-அப் முக்கியமா முன்பக்கத் தசைக்கு. வீசின கையைப் பிடிச்சு நிறுத்துறது பின்பக்கம். முழங்கையை உடம்போட ஒட்டி வச்சு ரப்பர் பேண்டை வெளிப்பக்கமா இழுங்க, ரோயிங் (துடுப்பு போடுற மாதிரி உடம்பை நோக்கி இழுக்கிறது) சேர்த்துக்கங்க. வலி குறையுற வரைக்கும் ஸ்பைக் எண்ணிக்கையைப் பாதியாக்குங்க.

கேள்வி: நான் லிபரோ (பின்வரிசையில தற்காப்பு மட்டும் ஆடுற ஆள்). எனக்கும் ஜம்ப் பயிற்சி வேணுமா?

பதில்: கொஞ்சம் போதும். குனிஞ்ச நிலையிலேயே பக்கவாட்டுல நகர்ந்து பழகுங்க, தொடை எரியணும்.