1 டிபி டிஸ்க்கின் இமேஜை 500 ஜிபி எஸ்எஸ்டியில் ஏற்ற முடியவில்லை என்பதற்குப் பதில்

வணக்கம். பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்த இமேஜ், அதாவது முழு டிஸ்க்கின் நகல், புதிய 500 ஜிபி எஸ்எஸ்டியில் (வேகமான புதுவகை டிஸ்க்) ஏற மறுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இமேஜ் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். விண்டோஸின் சிஸ்டம் இமேஜ், பழைய டிஸ்க்கின் முழு அளவைத்தான் பார்க்கும். நீங்கள் பயன்படுத்தியது 90 ஜிபிதான் என்றாலும், 1 டிபியை விடச் சிறிய டிஸ்க்கில் ஏற்ற மறுத்துவிடும். சி டிரைவைச் சுருக்கினாலும் பயனில்லை.

பழைய ஹார்டு டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் நல்ல செய்தி. அதையே மாட்டி கணினியை இயக்குங்கள். எஸ்எஸ்டியை யூஎஸ்பி அடாப்டரில் இணைத்து, அந்த எஸ்எஸ்டியைத் தயாரித்த நிறுவனமே தரும் இலவசக் குளோன் மென்பொருளை (டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுப்பது) பயன்படுத்துங்கள். சாம்சங், க்ரூஷியல் இரண்டும் தருகின்றன. குளோன் செய்ய, எஸ்எஸ்டியில் உங்கள் தரவு கொள்ளும் அளவு இடம் இருந்தால் போதும். அதன்பின் எஸ்எஸ்டியை உள்ளே மாட்டிப் பாருங்கள். அது சரியாக பூட் ஆகும்வரை, அதாவது கணினி அதிலிருந்து இயங்கத் தொடங்கும்வரை, பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், உங்கள் புகைப்படங்கள் மட்டும் அவசரமாக வேண்டுமென்றால், இமேஜ் சேமிக்கப்பட்ட விண்டோஸ்இமேஜ்பேக்கப் (WindowsImageBackup) ஃபோல்டருக்குள் இருக்கும் பெரிய விஹெச்டிஎக்ஸ் (.vhdx) கோப்பை இரட்டைச் சொடுக்குங்கள். தனி டிரைவாகத் திறக்கும், நகலெடுத்துக்கொள்ளலாம். அந்த ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால், இமேஜை ஏற்றும் ரெகவரி திரைக்கு அது கண்ணில் படாது.

எஸ்எஸ்டி பூட் ஆனதும், அதிலிருந்து புதிதாக ஒரு இமேஜ் எடுத்துவிடுங்கள்.