தோல்வி வளையத்துக்கு வெளியேதான் ஆரம்பிக்கிறது: குத்துச்சண்டை கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 1990இல் பஸ்டர் டக்ளஸிடம் உலக சாம்பியன் மைக் டைசன் தோற்றது எதிராளியின் திறமையாலா, இல்லை அவரே செய்த தப்பாலா?

பதில்: டக்ளஸ் அன்று பிரமாதமாகச் சண்டை போட்டார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டைசனின் தப்பு 1988இலேயே நடந்துவிட்டது. ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் சாய்த்தவர், அந்த வருஷம் முடிவதற்குள் பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிவிட்டார். டைசனை வளர்த்தெடுத்த பயிற்சியாளர் கஸ் டமாட்டோவிடம் கற்ற ரூனி, தலையை அசைத்தபடி உள்ளே புகுந்து குத்துகளை அடுக்கடுக்காக விடுகிற அந்தப் பாணியை டைசனிடம் விடாமல் காப்பாற்றி வந்தவர். அவர் போனதும் டைசன் ஒரே குத்தில் முடிக்கப் பார்க்க ஆரம்பித்தார். 1990 பிப்ரவரி, டோக்கியோ: இடது கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறது, வீக்கத்தை அழுத்தும் குளிர்ந்த உலோகத் துண்டு கார்னரில், அதாவது ரவுண்டு இடைவெளியில் உதவியாளர்கள் கவனிக்கும் மூலையில், இல்லை, ரப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைக்கிறார்கள். உலக சாம்பியனின் கார்னர் இது! பத்தாவது ரவுண்டில் விழுந்தவர், தரையில் தடவி வாய்க்காப்பை எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் கடித்தபடி எழ முயன்றார். இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

கேள்வி: எடைப்பிரிவு மாறுவது அவ்வளவு ஆபத்தா?

பதில்: ஏறுவதை விட, ஏறிவிட்டுத் திரும்ப இறங்குவதுதான் ஆளைக் கெடுக்கும் என்பேன். ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று, எல்லாவற்றிலும் கனமான எடைப்பிரிவான ஹெவிவெயிட்டில் பட்டம் வாங்கினார், அப்போது 193 பவுண்டு. நவம்பரில் 175க்கு இறங்கி அன்டோனியோ டார்வரை எதிர்த்துத் திணறி ஜெயித்தார், அடுத்த மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகிறது. கெல் புரூக்கையும் சொல்ல வேண்டும். 147 பவுண்டு சாம்பியன், 2016இல் 160க்கு ஏறி கோலோவ்கினிடம் அடி வாங்கிக் கண்குழி எலும்பு உடைந்தது, மறு வருஷம் மறுபடி 147க்கு வந்து ஸ்பென்ஸிடம் மறு கண்ணிலும் அதே காயம்.

கேள்வி: ஹெவிவெயிட் சாம்பியன் ரிடிக் போ தன் பட்டத்தின் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டது உண்மையா?

பதில்: உண்மைதான். 1992 டிசம்பர், லண்டன். அந்தப் பட்டத்தைத் தக்கவைக்க லெனாக்ஸ் லூயிஸுடன் மோத வேண்டியிருந்தது. 1988 ஒலிம்பிக் இறுதியில் தன்னை வென்றவரோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பையும் சேர்த்துத் தூக்கி எறிந்தார், அந்தச் சண்டை கடைசி வரை நடக்கவே இல்லை.

கேள்வி: முகமது அலி எப்போது நிறுத்தியிருக்க வேண்டும்?

பதில்: 1977இல், எர்னி ஷேவர்ஸோடு நடந்த சண்டைக்குப் பிறகு. அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ அப்போதே நிறுத்தச் சொன்னார், அலி கேட்கவில்லை, டாக்டர் விலகிவிட்டார். 1980 அக்டோபரில், 38 வயதில், ஒரு காலத்தில் தன் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார், அப்புறம்தான் அலியின் பயிற்சியாளர் டண்டி சண்டையை நிறுத்தினார். அதற்குப் பிறகும் 1981இல் இன்னொரு சண்டை.

கேள்வி: என் தம்பி புரோவாக, அதாவது காசுக்குச் சண்டை போடும் தொழில்முறை வீரனாக, போகிறான். ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டரும் மேனேஜரும் ஒரே ஆளா, ஒரே குடும்பமா என்று பாருங்கள். புரமோட்டரிடம் பேரம் பேசி அதிகப் பணம் வாங்கித் தர வேண்டியவர் மேனேஜர், அவரே எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் தம்பிக்காக யார் பேசுவது? ஹெவிவெயிட் வீரர் டிம் விதர்ஸ்பூனுக்கு டான் கிங் புரமோட்டர், மேனேஜர் அவருடைய வளர்ப்பு மகன், கடைசியில் வழக்குப் போட வேண்டி வந்தது. எந்தெந்தச் செலவு பரிசுத் தொகையிலிருந்து கழியும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் காட்டும் வக்கீல் வேண்டாம், நீங்களாக ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.