காலி கேபின், கடைசி நேர விலை: குரூஸ் கேள்வி-பதில்

குரூஸ் எனப்படும் உல்லாசக் கப்பல் பயணத்தின் கட்டணம் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றைத்தான் சுற்றி வருகின்றன. கப்பல் கிளம்பும் சமயம் வரை காத்திருந்தால் சல்லிசாகக் கிடைக்குமாமே? கிடைக்கும்தான். துறைமுகத்துக்குக் காரிலேயே போய்விடும் தூரத்தில் வீடு, கையில் செல்லுபடியாகும் விசா, எந்த வாரம் கிளம்பினாலும் சரி என்கிற வேலை, இந்த மூன்றும் உள்ளவர்களுக்குக் கிடைக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடுகிறது. எப்படி என்று கீழே பார்க்கலாம்.

எடிசன், நியூஜெர்சி: கடைசி நேரம் என்கிறார்கள், அது எத்தனை நாள்? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பார்த்தேன், விலை ஏறித்தான் இருந்தது.

ஒரு வாரம் முன்பு பார்ப்பது ரொம்பத் தாமதம். குரூஸ் வியாபாரத்தில் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு: முழுப் பணத்தையும் கட்டி முடிக்க வேண்டிய நாள். பெரிய நிறுவனங்களில் இது பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்பு வரும். ராயல் கரீபியனில் ஐந்து இரவும் அதற்கு மேலும் என்றால் 90 நாள், அதற்குக் குறைந்த பயணத்துக்கு 75 நாள்.

அந்தத் தேதி வரை அட்வான்ஸ் மட்டும் கட்டிவிட்டு இரண்டு மூன்று பயணங்களைப் பிடித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்வார்கள். குழுவுக்கென்று ஏஜென்ட்டுகள் மொத்தமாக எடுத்து வைத்த கேபின்களில் விற்காதவையும் அப்போதுதான் திரும்பி வரும். எத்தனை கேபின் உண்மையில் காலி என்பது நிறுவனத்துக்கே அன்றுதான் தெளிவாகும். எனவே 90 நாளிலிருந்து சுமார் 45 நாள் வரை உள்ள இடைவெளியில் தினமும் ஒரு பார்வை பாருங்கள். அதற்குப் பிறகும் கப்பல் நிறையவில்லை என்றால் இன்னொரு முறை விலை இறங்கும். நிறைந்துவிட்டால் மிச்சமிருக்கும் நாலு கேபினை ஏற்றிய விலைக்கு விற்பார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

எதற்கு இறக்குகிறார்கள் என்றால், கப்பலில் ஏறியவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பார், கேசினோ, வைஃபை, கரையில் சுற்றுலா என்று செலவழிப்பார். பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். காலி கேபினில் அதுவும் இல்லை. ஆனால் கொரோனாவுக்குப் பிந்தைய வருடங்களில் கப்பல்கள் நிரம்பி ஓடுகின்றன. முன்பு போல அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது குறைந்துவிட்டது. தள்ளினாலும், முன்பு வந்த பயணிகளுக்கும் அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கும் மின்னஞ்சலில் சத்தமில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று நிறுவனங்களின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள். ‘வெக்கேஷன்ஸ் டு கோ’ என்ற ஏஜென்சியின் ‘90 நாள் டிக்கர்’ பட்டியலும் இதற்கென்றே உள்ளது.

எடிசன்காரருக்கு இடம் வாகாக அமைந்திருக்கிறது. பேயோனில் கேப் லிபர்டி, அந்தப் பக்கம் மன்ஹாட்டன், புரூக்ளின் என்று மூன்று முனையங்கள் காரிலேயே போய்வரும் தூரம். ஜனவரி, பிப்ரவரியில் கிளம்பும் கப்பல்களைப் பாருங்கள். முதல் ஒன்றரை நாள் மேல்தளத்தில் நிற்க முடியாத குளிர் என்பதால் விலை இறங்கும். நன்றி நவிலல் விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடைப்பட்ட டிசம்பர் முதல் இரண்டு வாரமும் நல்லது. இலையுதிர் காலத்தில் கனடா பக்கம் போகும் கப்பல்களில் சலுகைக்குக் காத்திருப்பது வீண். இலை நிறம் மாறுவதைப் பார்க்கவே கூட்டம் அள்ளும்.

ஹூஸ்டன்: அப்பா, அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். கால்வெஸ்டனிலிருந்து ஏழு இரவு, ஒருவருக்கு 499 டாலர் என்று வந்திருக்கிறது. எடுக்கலாமா?

ஒருவருக்கு என்றால் ஒரு கேபினில் இரண்டு பேர் இருக்கும்போது ஆளுக்கு. ஆக 998. கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் வந்த பிறகு, பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டுகின்றன. அந்தத் தலைவலி போனது. போகாதது டிப்ஸ். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். 18 என்று வைத்தால் இருவருக்கு ஏழு நாளைக்கு 252. இப்போது 1,250 ஆகிவிட்டது. கார் பார்க்கிங், வைஃபை தனி. கால்வெஸ்டன் உங்களுக்குக் காரிலேயே போகும் தூரம், விமான டிக்கெட் இல்லை என்பதால் இன்னும் இது நல்ல விலைதான்.

பதிவு செய்யும் முன் சீனியர் விலை இருக்கிறதா என்று கேளுங்கள். சில பயணங்களில் கேபினில் ஒருவருக்கு 55 வயது ஆகியிருந்தாலே அந்த விலை கிடைக்கும். டெக்சாஸ் வாசிகளுக்கு என்று தனி விலையும் அவ்வப்போது வரும். தானாகக் காட்டாது, பிறந்த தேதியும் மாநிலமும் கொடுத்துத் தேட வேண்டும்.

காப்பீட்டை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். கடைசி நேரத்தில் வாங்கும் டிக்கெட் வாங்கிய அன்றே ரத்துக் கட்டண வளையத்துக்குள் வந்துவிடுகிறது. பயணத்துக்கு 30 நாளுக்குள் என்றால் பல நிறுவனங்களில் கேபின் கட்டணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பாது. கப்பல் மருத்துவமனையில் ஒரு டிரிப்ஸ் போட்டாலே பில் கனக்கும். பெற்றோருக்கு நீங்கள் எடுத்திருக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் அமெரிக்க மண்ணில் மட்டும் செல்லுமா, நடுக்கடலிலும் செல்லுமா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள். அவர்களுடைய விசா பல முறை நுழைய அனுமதிக்கிறதா என்பதையும் சேர்த்து.

சார்லட், வட கரோலினா: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகிவிட்டது, ஒப்புதல் கடிதமான ஐ-797 இருக்கிறது. பஹாமாஸ் மூன்று இரவு மிக மலிவாக இருக்கிறது. முப்பது நாளுக்குள் திரும்பினால் பரவாயில்லை என்கிறார் நண்பர்.

நண்பர் சொல்வது பாதி சரி, அதனால்தான் ஆபத்து. காலாவதியான விசாவோடு 30 நாளுக்குள் திரும்பி வரும் சலுகை கனடா, மெக்சிகோ இரண்டுக்கும் பெரும்பாலான விசாக்காரர்களுக்குப் பொருந்தும். பஹாமாஸ் போன்ற அருகிலுள்ள தீவுகளுக்கு எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு மட்டும்தான். எச்-1பிக்குக் கிடையாது. போனால் திரும்பி இறங்கும் துறைமுகத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, மெக்சிகோ மட்டும் போகும் கப்பலில் ஏறினால்? சட்டப்படி வழி இருந்தாலும், மெக்சிகோ தன் விசா விலக்கைத் தருவது செல்லுபடியாகும் அமெரிக்க விசாவைப் பார்த்துத்தான். கப்பலில் ஏற்றுவதா என்பதையும் நுழைவாயில் கவுன்ட்டரில் நிற்பவர்தான் முடிவு செய்வார். பாஸ்போர்ட்டில் புது விசா குத்தி வாங்கியபின் போங்கள். கப்பல் எங்கும் போய்விடாது.

சென்னை, அண்ணா நகர்: சிங்கப்பூர் குரூஸுக்குக் கடைசி நேரச் சலுகை வாங்கலாமா? மூன்று இரவு, பினாங்கு, புக்கெட்.

நான் வேண்டாம் என்பேன். மூன்று இரவுக் குரூஸில் இரண்டு பேருக்கு நூறு டாலர் மிச்சம் பிடித்து, பத்து நாள் முன்பு வாங்கும் விமான டிக்கெட்டில் அதைப்போல இரண்டு மடங்கு விடுவதில் என்ன லாபம்? விசாவுக்கும் நாள் வேண்டும். சிங்கப்பூரில் இறங்கி, கப்பலில் வெளியே போய், மறுபடி சிங்கப்பூருக்கே வருகிறீர்கள். அதாவது இரண்டு முறை நுழைகிறீர்கள். உங்கள் கையில் இருப்பது ஒருமுறை விசா என்றால் கப்பலில் ஏறும் இடத்திலேயே பயணம் முடிந்தது. இந்திய ஏஜென்ட்டிடம் வெளிநாட்டு பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியைப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் இப்போது கையைவிட்டுப் போவது போவதுதான். ஏஜென்ட் சொல்லும் விலை அதற்கு முன்பா பின்பா என்று கேட்டுவிடுங்கள்.

விமானம் வேண்டாம், கப்பல் அனுபவம் போதும் என்றால் கொர்டேலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலைப் பாருங்கள். சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை இருக்கும் மாதங்களில்தான் இந்தப் பக்கம் அதிகம் வரும். எனவே அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் வார நாள் பயணங்கள் மலியும். வெள்ளிக்கிழமை கிளம்பும் கப்பலில் அந்த ஆசை வேண்டாம். 1990-இல் கட்டிய கப்பல் அது. யூடியூபில் பார்த்த புதுக் கப்பல்களின் சறுக்கு மரங்களை மனதில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

சிங்கப்பூர், ஈசூன்: ஜூன் பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு பேர். காத்திருக்கலாமா?

கூடாது. நான்கு படுக்கை கேபின்கள் கப்பலில் குறைவு, முதலில் போவதும் அவைதான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உயிர்காப்புப் படகு நிலையம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. கேபின் காலியாக இருந்தாலும் அந்த வரம்பு நிறைந்துவிட்டால் மூன்றாவது, நான்காவது ஆளை ஏற்ற மாட்டார்கள். முடிந்தவரை முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா: ஜனவரியில் பதிவு செய்த அலாஸ்கா குரூஸ் இப்போது 300 டாலர் குறைந்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. முழுப் பணம் கட்டும் தேதி தாண்டவில்லை என்றால் இன்றே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, அதே வகை கேபினுக்குப் புது விலையைப் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் செய்த முன்பதிவுகளுக்குப் பொதுவாக மாற்றித் தருவார்கள். கூப்பிடும் முன் பழைய பதிவோடு இலவசமாக வந்தது என்ன என்று பாருங்கள். கப்பலில் செலவழிக்க 200 டாலர் கிரெடிட் கொடுத்திருந்தால், புது விலைக்கு மாறும்போது அது பறிபோகலாம். அப்போது மிச்சம் நூறுதான். தேதி தாண்டிவிட்டாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பணம் தராவிட்டாலும் ஒரு படி மேலான கேபின் தந்திருக்கிறார்கள்.

ஊரைவிட்டு விமானத்தில் போய்க் கப்பல் ஏறுபவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். திரும்பக் கிடைக்கும் அட்வான்ஸோடு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பதிவு செய்யுங்கள், பிறகு விலை இறங்குகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அலாஸ்கா சீசனே ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான். அதில் மலிவு வேண்டுமென்றால் ஓர மாதங்களான மே அல்லது செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசாவை மறந்துவிடாதீர்கள். அந்தக் கப்பல்கள் ஒரு கனடியத் துறைமுகத்தையாவது தொட்டுத்தான் வரும்.

டொராண்டோ: ஓய்வு பெற்றவன், தனியாகப் போகிறேன். கட்டணம் இரண்டு பேருக்குக் கேட்கிறார்கள்!

அப்படித்தான் கேட்பார்கள். கட்டணம் ஒருவருக்கு 400, வரி 130 என்றால் தம்பதி 1,060 கொடுப்பார்கள். நீங்கள் தனியாக 930 கொடுப்பீர்கள். வரியும் டிப்ஸும் மட்டும்தான் ஒருவருக்கு. நார்வீஜியன் நிறுவனம் 2010-இல் எபிக் கப்பலில் தனி ஆளுக்கென்று ஸ்டுடியோ கேபின்களைக் கொண்டுவந்தது. ஆனால் அவை எப்போதும் மலிவு என்று நினைக்காதீர்கள். பல நேரம் ஜன்னல் இல்லாத சாதாரண உள்ளறையை இரட்டை விலைக்கு எடுப்பதே குறைவாக வரும். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

உங்களிடம் நேரம் இருக்கிறது, அதுதான் பெரிய சொத்து. ஏப்ரலில் கரீபியன் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு இடம் மாறும், இலையுதிர் காலத்தில் திரும்பும். ஃபோர்ட் லாடர்டேலில் ஏறி பார்சிலோனாவிலோ ரோமுக்கு அருகிலுள்ள சிவிடாவெக்கியாவிலோ இறங்கும் 12 முதல் 15 இரவுப் பயணங்கள் அவை. ஒரு இரவுக்கு என்று வகுத்துப் பார்த்தால் இதைவிட மலிவு அரிது. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வர முடியாது என்பதே காரணம். நடுவில் ஆறேழு நாள் தொடர்ந்து வெறும் கடல். கிழக்கே போகும்போது அடிக்கடி கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து உங்கள் தூக்கத்தைத் திருடுவார்கள். மேற்கே வரும் பயணத்தில் அதே ஒரு மணி கூடுதலாகக் கிடைக்கும். நான் மேற்கே வருவதைத்தான் சிபாரிசு செய்வேன். ஒருவழி விமானச் செலவை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டன், ஈஸ்ட் ஹாம்: ‘கேரண்டி’ கேபின் என்றால் என்ன? அதுதான் ஆகக் குறைந்த விலையாக இருக்கிறது.

உள்ளறையா, பால்கனியா என்ற வகை மட்டும் உறுதி. எந்த எண், எந்தத் தளம் என்பதைக் கிளம்பும் சமயத்தில் அவர்கள் முடிவு செய்வார்கள். யாரும் தேர்ந்தெடுக்காத கேபின் உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே விழுந்தால், விடியற்காலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் ‘கர்ர்’ சத்தம்தான் உங்களுக்கு அலாரம். கப்பலின் முன்முனையில் விழுந்தால் ஆட்டம் கூடுதல். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுத்தளத்தில் எண் பார்த்து வாங்குவதே நல்லது. மற்றவர்களுக்கு இதில் பயமில்லை, சில நேரம் மேல் வகைக்கும் தூக்கிப் போடுவார்கள்.

மயாமி: பெட்டியோடு துறைமுகத்துக்கே போய் நின்றால் காலி கேபினை அடிமாட்டு விலைக்குத் தருவார்களாமே?

தர மாட்டார்கள். பயணிகள் பட்டியலை முன்கூட்டியே அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் பதிவை முன்பே மூடிவிடுவார்கள். துறைமுக வாசலில் டிக்கெட் கவுன்ட்டர் என்று ஒன்று கிடையாது.

சான் அன்டோனியோ: கடைசி நேரத்தில் பதிவு செய்துவிட்டோம். சைவச் சாப்பாடு சொல்லி வைக்க நேரமில்லை. பட்டினியா?

இல்லை. முதல் நாள் இரவு உணவுக்குப் போனதும் உங்கள் மேசைக்கான தலைமை வெயிட்டரைக் கூப்பிட்டு, இந்தியச் சைவம் வேண்டும், முட்டையும் கூடாது என்று சொல்லுங்கள். பல கப்பல்களில் சமையலறையிலேயே இந்தியர்கள் இருப்பார்கள். மறுநாளிலிருந்து பருப்பு, ஒரு காய், சாதம், சப்பாத்தி என்று வந்துவிடும். இட்லியை எதிர்பார்க்காதீர்கள். ஊறுகாய்ப் பாட்டில் கொண்டுபோவதானால் கடையில் வாங்கிய சீல் பிரிக்காத பாட்டிலாக இருக்கட்டும், வீட்டில் போட்டதை ஏறும் இடத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.