குறியீடு ஏறினால் கூலி ஏறியதாகுமா?

அமெரிக்காவில் லாரி பாடி, ட்ரெய்லர், கேம்பர் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டி) கட்டும் ஆலைகளின் ஊதிய நிலவரம் பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் நான்கு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் துறையின் தொழிலாளர் ஊதியக் குறியீடு ஒரே ஆண்டில் கணிசமாக ஏறியிருக்கிறது. கூலி அவ்வளவு உயர்ந்துவிட்டதா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் 2017-ஐ 100 என்று வைத்து வெளியிடும் இந்தக் குறியீடு, துறை முழுவதும் தொழிலாளர்களுக்காகச் செலவான மொத்தத் தொகையைச் சொல்கிறது. ஆள் கூடினாலும் அது ஏறும், ஓவர்டைம் கூடினாலும் ஏறும். விலைவாசி உயர்வும் இதில் கழிக்கப்படுவதில்லை.

இந்தத் துறைக்கு இது மிக முக்கியம். ஏனென்றால் இங்கே ஆர்டர்கள் தலைகீழாக மாறும். 2021-இல் ஆலைகளை விட்டுக் கிளம்பிய ஆர்.வி. வண்டிகள், அதாவது கேம்பர் போன்ற தங்கும் வண்டிகள், சுமார் 6 லட்சம். 2023-இல் ஏறக்குறைய 3.13 லட்சம். இந்தத் தொழில் குவிந்திருக்கும் இண்டியானாவின் எல்க்ஹார்ட் பகுதியில், 2009 தொடக்கத்தில் வேலையின்மை 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. சரிவுக் காலத்தில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. புதிதாகச் சேர்ந்த குறைந்த கூலிக்காரர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஒருவருக்கும் கூலி உயராமலேயே சராசரி மணிக்கூலி உயர்ந்துவிடும். ஆகவே மொத்த ஊதியம், வேலை நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் கையில் வாங்குவதும் இந்தக் கணக்கும் ஒத்துப்போகவில்லையே?

ஒத்துப்போகாது. சம்பளத்தோடு, முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் மெடிகேருக்கும் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சேர்த்துப் பொதுவாகச் சம்பளத்தில் 7.65 சதவீதம், எல்லாமே இதில் அடக்கம். காப்பீட்டுச் செலவு ஏறினால் உங்கள் சம்பளச் சீட்டு அசையாமலேயே குறியீடு ஏறும்.

கூலி உயர்ந்தால் ட்ரெய்லர் விலை உயர்ந்தே தீருமா?

இல்லை. மணிக்கூலி 5 சதவீதம் ஏறி, ஒரு மணி நேரத்தில் முடியும் வேலையும் அதே அளவு ஏறினால், ஒரு வண்டிக்கு ஆகும் தொழிலாளர் செலவு மாறாது. விலையில் எஃகும் அலுமினியமும் பெரும் பங்கு வகிக்கின்றன; எல்லாப் பழியையும் வெல்டர் தலையில் போடுவது அநியாயம்.

எங்கள் ஆலையில் பீஸ் ரேட், அதாவது முடித்த வேலையின் எண்ணிக்கைக்குக் கூலி. "அதற்கு ஓவர்டைம் கிடையாது" என்கிறார் சூப்பர்வைசர். உண்மையா?

பொதுவாக உண்மையல்ல. 1938-இன் நியாயத் தொழிலாளர் தரநிலைச் சட்டப்படி, வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் போனால் பீஸ் ரேட் தொழிலாளிக்கும் ஓவர்டைம் உண்டு. கணக்கு இதுதான்: ஒரு வாரம் 50 மணி நேரம் வேலை, பீஸ் ரேட்டில் 1,000 டாலர் என்றால், மணிக்கு 20 டாலர் விழுகிறது. 50 மணி நேரத்துக்கும் இந்த அடிப்படைக் கூலி ஏற்கெனவே வந்துவிட்டதால், ஓவர்டைமுக்கு மேற்கொண்டு சேர வேண்டியது அதில் பாதி, 10 டாலர். கூடுதலான 10 மணி நேரத்துக்கு அந்த 100 டாலரையும் சேர்த்து 1,100 டாலர் வரவேண்டும்.

லைன் வேகமாக ஓடும் மாதங்களில் இந்தத் தொகைதான் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. உள்ளே நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் அன்றன்றே உங்கள் கையால் குறித்து வையுங்கள். தொழிலாளர் துறையின் ஊதியம் மற்றும் வேலைநேரப் பிரிவில் புகார் செய்யலாம். பாக்கியைக் கோரச் சாதாரணமாக இரண்டு ஆண்டுகளும், முதலாளி தெரிந்தே மீறியிருந்தால் மூன்று ஆண்டுகளும் அவகாசம் உண்டு. தள்ளிப்போடப்போட, பழைய வாரங்களின் பணம் கைவிட்டுப் போகும்.