கேள்வி–பதில்: பதினேழு நாள் டிவிஷன்

கேள்வி: போருக்கென்றே உருவாக்கி, சரியாகச் சண்டை போடுவதற்குள் காணாமல் போன ராணுவ டிவிஷன் ஏதாவது உண்டா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு, பிரிட்டனின் 18வது காலாட்படை டிவிஷன். 1939ல் கிழக்கு இங்கிலாந்துப் பையன்களை வைத்து உருவாக்கினார்கள். இரண்டு வருடம் உள்ளூரிலேயே பயிற்சி, காவல். 1941 அக்டோபரில் மத்தியக் கிழக்குக்கு என்று கப்பலேற்றினார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறினார்கள் (அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை, அது தனிக் கூத்து). கேப்டவுனை நெருங்கும்போது ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்க, திட்டமே தலைகீழ். ஒரு பிரிகேட் (டிவிஷனின் ஒரு பகுதி) 1942 ஜனவரி நடுவில் சிங்கப்பூர் போய் நேரே மலாயா சண்டையில் இறங்கியது. மற்றவர்கள் பம்பாயில் இறங்கி, கொஞ்ச நாள் அகமத்நகரில் இருந்துவிட்டு, ஜனவரி 29ல் சிங்கப்பூர் வந்தார்கள். கடைசியாக வந்த 'எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா' நிலக்கரியில் ஓடும் பழைய கப்பல். பிப்ரவரி 5 அன்று குண்டுவீச்சில் எரிந்தது, ஆட்களில் பெரும்பாலோர் தப்பினார்கள், தளவாடம் போச்சு. பிப்ரவரி 15, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைவு, டிவிஷனும் கைதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினேழே நாள்!

தளபதி பெக்வித்-ஸ்மித் அதே வருடம் தைவானில் கைதியாக, தொண்டை அடைப்பான் நோயில் இறந்தார். வீரர்களில் பலரைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட அனுப்பினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் செத்தது அதே பாதையில்தான்.

என்னைக் கேட்டால், வீரர்களைக் குறை சொல்ல முடியாது. தீவு கைவிட்டுப் போகும் என்று தெரிந்த பிறகும் ஆளைக் கொண்டுவந்து கொட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.