அவர் கேட்கவில்லை, நீங்கள் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: பசுமை எரிசக்தியில் முதலீடு செய்யும் நிறுவனம் ஒன்றில் 11 வருடம் இருந்தேன். 3 வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பேட்டரிகளைச் செய்யும் ஸ்டார்ட்அப்புக்குத் தலைமை ஏற்றேன். ஆய்வகத்தில் பேட்டரி நன்றாக வேலை செய்கிறது. ஆலை போடுவதற்கான முதலீடு தள்ளிப்போவதால், கம்பெனிக்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறேன். வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. என்ன பேப்பர் என்றுகூடக் கேட்காமல் மனைவி கையெழுத்துப் போட்டார், அவ்வளவு நம்பிக்கை. இப்போது பழைய நிறுவனம் திரும்பக் கூப்பிடுகிறது. போகட்டுமா, இங்கேயே நிற்கட்டுமா?

பதில்: போவதா நிற்பதா என்று கேட்டு எனக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதை அப்புறம் பார்க்கலாம். என்ன பேப்பர் என்றுகூட மனைவி கேட்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவர் கேட்கவில்லை, சரி. நீங்கள் ஏன் சொல்லவில்லை?

முன்பின் தெரியாத ஒருவர் பணம் கேட்டு வந்தால், அவருடைய கணக்கு, காப்புரிமை, பழைய கடன், கம்பெனி மூழ்கினால் பணம் யாருக்கு முதலில் போகும் என்பது வரை தோண்டித் துருவிய பிறகுதானே 11 வருடமும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்? அந்த ஆள் கூட்டாளிக்கு விவரம் சொல்லாமலே கூட்டாளியின் சொத்தை அடமானம் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், அன்றைக்கே ஃபைலை மூடியிருக்க மாட்டீர்களா?

இந்தத் துறையில் என்னென்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மனைவிக்குத் தெரியுமா? 2006 முதல் 2011 வரை துணிகர முதலீட்டாளர்கள் பசுமைத் தொழில்நுட்பத்தில் போட்ட சுமார் 2,500 கோடி டாலரில் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை. 2011-இல் சூரியத் தகடு செய்த அமெரிக்கக் கம்பெனி சோலிண்ட்ரா திவாலானபோது அதன் தலையில் அமெரிக்க அரசு உத்தரவாதம் கொடுத்த 53.5 கோடி டாலர் கடன் இருந்தது. பேட்டரிக் கம்பெனிகளிலேயே அமெரிக்காவின் ஏ123 என்பது 2012-இல் விழுந்தது, சுவீடனின் நார்த்வோல்ட் 2025-இல். இவர்களெல்லாம் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆய்வகத்தில் ஒன்று செய்து காட்டியதை ஆலையில் ஆயிரக்கணக்கில், ஒரே தரத்தில், கட்டுப்படியாகும் விலையில் செய்யப் பல வருடம் பிடிக்கிறது, அதற்குள் கைப்பணம் தீர்ந்துவிடுகிறது. 2016-இல் அறிவிக்கப்பட்ட, பில் கேட்ஸ் முன்னின்று தொடங்கிய முதலீட்டு நிதியான பிரேக்த்ரூ எனர்ஜி வென்ச்சர்ஸ், 20 வருடம் காத்திருக்கும் கணக்கோடு வந்தது அதனால்தான். நீங்கள் வாங்கிய கடன் 20 வருடம் பொறுக்குமா?

லிமிடெட் கம்பெனி என்று பதிவு செய்வதே கம்பெனியின் கடன் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக. அந்தச் சுவரை நீங்களே இடித்துவிட்டீர்கள், அதுவும் மனைவியின் கையெழுத்தை வைத்து.

உங்கள் வேலையை நான் மனதார மதிக்கிறேன், சூரியன் இறங்கிய பிறகும் சூரிய மின்சாரம் வேண்டுமென்றால் யாராவது இதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு நல்ல காரியமானாலும் கூட வாழ்கிறவரை இருட்டில் வைப்பதற்கு அது சாக்கு ஆகாது. வீடு போனால் இருவருக்கும்தான் போகும், முடிவையும் இருவரும் சேர்ந்துதான் எடுத்திருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நம்பிக்கை என்கிறீர்கள். கேள்வி கேட்டால் நீங்கள் எரிச்சல்படுவீர்கள் என்று அவருக்குப் பழகிப்போயிருக்கலாம், அதையும் யோசியுங்கள்.

இந்த வாரமே பத்திரங்களை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். கடன் எவ்வளவு, கெடு எப்போது, முதலீடு வராவிட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவருக்குச் சம்மதமில்லை என்றால், அடமானத்தை விடுவிக்கவோ அதன் தொகைக்கு ஒரு வரம்பு வைக்கவோ கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள், அந்தச் சுமையை ஏற்கச் சொல்லி கம்பெனியின் மற்ற முதலீட்டாளர்களிடமும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பழைய நிறுவனத்திடம் இரண்டு வாரம் அவகாசம் வாங்குங்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை உங்கள் மனைவியிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.